பின்னிணைப்பு நான்கு

மூன்றாவது முறையும் இயந்திரம்
என் கட்டைவிரலை ஏற்கவில்லை.
மழை விட்ட நவம்பர் பகல், மஞ்சக்குப்பம்.
கெடிலம் செம்மண் நிறத்தில் போகிறது.
வாசலில் ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு
தபால்காரர் அஞ்சலை
நான் இன்னும் சாகவில்லை என்று
டெல்லிக்குத் தெரிவிக்க முயல்கிறார்.

"மீன் அரியிறவங்களுக்குத்தான் சார்
ரேகை இப்படித் தேஞ்சு போவும்.
நீங்க என்ன வேலை பாத்தீங்க?"

"கணக்கு" என்றேன்.
வாத்தியார் என்று நினைத்துக்கொண்டார்.
திருத்தவில்லை.

ஏழு பேர் உட்கார்ந்த அறை அது, டெல்லியில்,
ஜன்னலுக்கு வெளியே நாவல் மரம்.
பழைய வரைவில் 'வரையறுத்த பயன்' என்றிருந்தது.
பயனை அடித்தேன். பங்களிப்பு என்று எழுதினேன்.
வரையறுத்த என்பதை அப்படியே விட்டுவிட்டேன்.
கொடுப்பதற்கு இனி அளவு உண்டு,
வருவதற்குச் சந்தை உண்டு.
ஒரு சொல்தான்.
மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்தது.

யாரோ கேட்டார்கள், சந்தை விழுந்தால்?
நீண்ட காலத்தில் எழும் என்றேன்.
எங்கள் ஊரில் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியவரே
கரையேறியிருக்கிறார்,
அந்த இடத்துக்குப் பெயரே கரையேறவிட்ட குப்பம் என்று
வேடிக்கையாகச் சொன்னேன். சிரித்தார்கள்.
எத்தனை பேரைக் கல்லோடு கட்டினால்
ஒருவர் மிதப்பார் என்று
அவர்கள் கேட்கவில்லை,
நானும் போட்டுப் பார்க்கவில்லை.

பின்னிணைப்பு நான்கில் ஒருத்தியை வைத்தேன்.
வயது இருபத்தைந்து. முப்பத்தைந்து ஆண்டுப் பணி.
மாதம் தவறாத பிடித்தம்.
ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வளரும் என்று
நானே ஓர் எண் கொடுத்தேன், தாராளமாக.
அவளுக்குப் பெயர் தரவில்லை.
வீடு தரவில்லை, அதனால் புயலும் தரவில்லை.

அஞ்சலை எண்ணெய் கேட்டு வாங்கி
ஒரு சொட்டு என் விரலில் தேய்த்து
காக்கித் துப்பட்டாவில் துடைத்தபடி சொல்கிறார்:
"நான் ரெண்டாயிரத்தி ஆறுல சேந்தேன் சார், புதுத் திட்டம்.
தானே புயல்ல ஓடெல்லாம் பறந்துபோச்சு.
எம் பணத்துல கொஞ்சம் எடுக்கலாமான்னு கேட்டேன்,
அறுவது வயசுக்கு முன்ன முடியாதுன்னுட்டாங்க.
வட்டிக்கு வாங்கித்தான் ஓடு மாத்துனேன்."

யார் முடியாதென்றார்கள் என்று நான் கேட்கவில்லை.
பத்தி பதினொன்று, இரண்டாவது வரி:
இடையில் எடுக்கவிட்டால் சேமிப்புப் பழக்கம் கெடும்.
நல்ல வாக்கியம் என்றார் குழுத் தலைவர்.

எனக்கு வருவது பழைய திட்டம்.
கடைசிச் சம்பளத்தில் பாதி, அதன்மேல் பஞ்சப்படி.
பருப்பு விலை ஏறினால் தானும் ஏறுகிற பணம்.
குறித்த தேதிக்கு இருபத்தாறு ஆண்டு முன்னால்
வேலையில் சேர்ந்தவன் நான்.
தேதியைக் குறித்ததும் நாங்கள்தான்.

நான்காம் முறை பச்சை விளக்கு.
"உசுரோட இருக்கீங்க சார்."
எழுபது ரூபாய். நூறு கொடுத்தேன்,
மீதி வேண்டாம் என்றேன்.
முப்பதை எண்ணி மேசையில் வைத்தார்.

செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்:
"கணக்கு வாத்தியார்தானே,
எனக்கு மாசம் எவ்ளோ வரும்னு
போட்டுச் சொல்லுங்களேன்."
கைபேசியை நீட்டினார்.
யூனிட், விலை, இன்றைய மதிப்பு.
குறித்துக்கொண்டேன்.
சேர்ந்தபோது வயது என்ன என்றேன்.
"இருபத்தஞ்சு சார்.
மெதுவாப் போடுங்க, அவசரமில்ல.
அடுத்த வருசமும் வருவேன்ல."

சாயங்காலத்துக்குள் போட்டுவிட்டேன்.
நம்பாமல் இன்னொரு முறையும் போட்டேன்.
உறையில் வைத்து ஒட்டி
சோணாங்குப்பம் என்று விலாசமும் எழுதியாயிற்று.
மேசையில் கிடக்கிறது,
அந்த முப்பது ரூபாய்க்கு அடியில்.

பெட்டியில் போட்டால்
நாளை மறுநாள் காலை தபால் பிரிக்கையில்
அவர் கையில்தான் விழும்.